படத்தில் கலந்திருக்கும் வெள்ளையைப் பிரித்தெடுக்கும் முறை

பள்ளி ஆண்டு விழாவுக்கு நண்பர் ஒருவர் சான்றிதழ் வடிவமைத்துக் கொடுத்தார். இளமஞ்சள் பின்னணி, ஓரத்தில் பூவேலை, நடுவில் மாணவர் பெயருக்கான இடம். எல்லாம் நன்றாக அமைந்திருந்தது. கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து மட்டும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது, எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய துண்டுச்சீட்டைப் போல. திரையின் வெளிச்சத்தில் கண்ணில் படாத அந்தப் பெட்டி, அச்சில் பளிச்சென்று தெரிந்தது. அறுபது சான்றிதழ்களையும் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

கையெழுத்து, கடைச் சின்னம், ரப்பர் முத்திரை, கோட்டோவியம் என்று எதை இன்னொரு படத்தின் மேல் வைத்தாலும் இந்தத் தொல்லை வரும். ஒரு கருவியைச் சொடுக்கி டெலீட் விசையை அழுத்தினால் போதும் என்றுதான் பலரும் சொல்லித் தருகிறார்கள். பெட்டி போய்விடும், உண்மைதான். ஆனால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அது ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் அதைப் போக்க முடியும். ஆகவே கருவிகளுக்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளையும் ஒரு நிறம்தான்

வெள்ளைத் தாள் என்றால் நம் கண்ணுக்கு ஒன்றும் எழுதாத இடம். கணினிக்கு அப்படியில்லை. படம் என்பது பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. ஆக, வெள்ளையும் அங்கே பூசப்பட்டிருக்கும் நிறமே. 'இங்கே எதுவும் இல்லை, பின்னால் இருப்பதைக் காட்டு' என்று சொல்வதற்கு நான்காவதாக ஓர் எண் வேண்டும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். ஆல்ஃபா 255 என்றால் அந்தப் பிக்சல் முழுதாகத் தெரியும். 0 என்றால் அது இருப்பதே தெரியாது. இடைப்பட்ட எண் என்றால் நிறமும் கொஞ்சம் தெரியும், அதன் வழியே பின்னணியும் கொஞ்சம் தெரியும்.

இந்த இடைப்பட்ட எண்ணில்தான் நம் வேலை முழுவதும் இருக்கிறது. வெள்ளைத் தாளில் உள்ள ஒரு கறுப்பு எழுத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, அதன் ஓரத்தைக் கவனியுங்கள். கறுப்பு முடிந்தவுடன் வெள்ளை தொடங்கிவிடாது. (சாம்பலில் மூன்று எண்களும் ஒன்றே என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.) கறுப்பு 0, அடுத்த பிக்சல் 51, அதற்கடுத்தது 128, பிறகு 204, அதன் பிறகே வெள்ளையின் 255 என்று படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும். எழுத்தின் வளைவு வழவழப்பாகத் தெரிவது இந்தச் சாம்பல் நிறப் படிகளால்தான். 204 என்பது மையும் தாளும் கலந்த நிறம்: ஐந்தில் ஒரு பங்கு கறுப்பு, நான்கு பங்கு வெள்ளை. நீங்கள் 255-ஐ மட்டும் அழித்தால் இந்த 204-உம் 128-உம் அப்படியே நின்றுவிடும். வெள்ளைத் தாளில் அவை உறுத்தாது. அரக்குச் சிவப்பின் மேலோ கருநீலத்தின் மேலோ வைத்தால், எழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போலத் தெரியும்.

இனி சொல்லப்போகும் முறைகள் அனைத்தும் இந்த ஓரத்தை எப்படிக் கையாளுவது என்பதைப் பற்றியவையே.

தொடங்குவதற்கு முன்

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளை வைத்து விளக்குகிறேன். 1996-இல் முதன்முதலாக வெளியான இது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பட்டியல்களின் பெயர்களை 2.10 பதிப்பில் உள்ளபடி சொல்கிறேன். 2025-இல் வந்த 3.0 பதிப்பிலும் வேலையின் போக்கு இதேதான். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்குக் கருவிகளின் பெயர் மாறும், காரணம் மாறாது.

வேர்ட் மென்பொருளிலேயே 'செட் டிரான்ஸ்பரன்ட் கலர்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு நிறத்தைச் சொடுக்கினால் அந்த நிறத்தை மட்டும் மறைக்கும். அவசரத்துக்கு உதவும். ஆனால் மேலே சொன்ன சாம்பல் படிகளை அது தொடாது. அச்சுக்குப் போகும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

கைபேசியில் எடுத்த படம் பெரும்பாலும் ஜேபெக் வகையாக இருக்கும். ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. ஆகவே படத்தைக் கிம்ப்பில் திறந்தவுடன் 'லேயர்' பட்டியலுக்குப் போய், அதில் 'டிரான்ஸ்பரன்சி', அதற்குள் 'ஆட் ஆல்ஃபா சானல்' என்பதைச் சொடுக்குங்கள். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனாலும் இதை விட்டுவிட்டு டெலீட் விசையை அழுத்தினால், அழித்த இடத்தில் பின்னணி நிறம் பூசப்படும். அந்தப் பின்னணி நிறம் வழக்கமாக வெள்ளை. வெள்ளையை அழித்து, அந்த இடத்தில் வெள்ளையையே பூசியதாக முடியும். புதிதாக வருபவர்கள் மென்பொருளே பழுது என்று நினைத்துக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கோப்பு ஜிஃப் வகையாக இருந்தால் 'இமேஜ்' பட்டியலில் 'மோட்' என்பதற்குள் 'ஆர்ஜிபி' என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தி கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மூலப்படத்தின் மேல் நேரடியாகக் கைவைக்கக் கூடாது.

தெரிவு செய்து அழிப்பது

கடைச் சின்னம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் கருநீலத்தில் 'வண்ணம்' என்று எழுதியிருக்கிறது. யு விசையை அழுத்தினால் 'ஃபஸி செலக்ட்' கருவி கைக்கு வரும். மந்திரக்கோல் போன்ற படம் அதற்கு. எழுத்துக்கு வெளியே உள்ள வெள்ளையில் ஒருமுறை சொடுக்குங்கள். எறும்பு வரிசை ஊர்வது போல ஒரு கோடு எழுத்தைச் சுற்றி ஓடும். அதுதான் நீங்கள் தெரிவு செய்த எல்லை. டெலீட் விசையை அழுத்தினால் வெள்ளை போய், சாம்பல் நிறச் சதுரங்கக் கட்டம் தெரியும். அந்தக் கட்டம் படத்தின் பகுதி அல்ல. 'இங்கே நிறம் இல்லை' என்பதற்கான அடையாளம்.

கருவியின் கீழே 'த்ரெஷோல்ட்' என்று ஓர் எண் இருக்கும், வழக்கமாக 15. நீங்கள் சொடுக்கிய நிறத்திலிருந்து எவ்வளவு விலகிய நிறம்வரை சேர்த்துக்கொள்ளலாம் என்பதை அது சொல்கிறது. ஜேபெக் படத்தில் வெள்ளை முழு வெள்ளையாக இருக்காது. எழுத்தைச் சுற்றி 253, 249 என்று அழுக்குப் படிந்திருக்கும். எண்ணை 0 என்று வைத்தால் அந்த அழுக்கெல்லாம் திட்டுத்திட்டாக நிற்கும். மிக அதிகமாக்கினால் வெளிர்நிற எழுத்துகளும் சேர்ந்து போய்விடும். சொடுக்கிய விரலை எடுக்காமல் மவுஸை இழுத்தால் இந்த எண் கூடுவதையும் குறைவதையும் கண்ணெதிரே பார்க்கலாம். எண்ணைத் தட்டச்சு செய்வதைவிட இது எளிது.

தமிழ் எழுத்துகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'வண்ணம்' என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். வ-வின் வயிற்றுக்குள் வெள்ளை இருக்கிறது. ண-வின் சுழிகளுக்குள் வெள்ளை இருக்கிறது. ஃபஸி செலக்ட் தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளையை மட்டுமே பின்தொடரும். வெளியே சொடுக்கினால் சுழிக்குள் அது நுழையாது. ஆங்கில எழுத்துகளை வைத்துக் கற்றுத் தரும் காணொளிகளில் இதைக் கடகடவென்று கடந்துவிடுகிறார்கள். நமக்கோ ஒரு சொல்லில் ஐந்தாறு சுழிகள் வந்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஒவ்வொரு சுழிக்குள்ளும் சொடுக்குங்கள். முந்தைய தெரிவு கலையாமல் இதுவும் சேர்ந்துகொள்ளும். தவறுதலாக ஏதாவது சேர்ந்துவிட்டால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அதன் மேல் சொடுக்க, அது விலகிவிடும்.

ஷிஃப்ட் விசையையும் ஓ விசையையும் சேர்த்து அழுத்தினால் 'செலக்ட் பை கலர்' வரும். அதில் ஒரே சொடுக்கில் படத்தின் எல்லா வெள்ளையும் தெரிவாகும், சுழிகளும் சேர்ந்து. நீளமான வாசகங்களுக்கு இது வரம். ஆனால் சின்னத்தில் ஓர் ஆளின் முகம் இருந்து அவர் கண்ணின் வெள்ளையும் சேர்ந்து தெரிவானால், கண் ஓட்டையாகிவிடும். சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை எழுத்து இருந்தால் அந்த எழுத்தும் போய்விடும். வெள்ளை எங்கே தாள், எங்கே வண்ணம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கையெழுத்துக்கு வேறு வழி

பேனாவின் கோட்டில் ஓரமே பாதி. மெல்லிய இழுப்பும், அழுத்தம் குறைந்த இடத்தில் வெளுத்துப்போகும் மையும் சேர்ந்துதான் அது ஒருவரின் கையெழுத்தாகிறது. அதைத் தெரிவு செய்து அழிக்கப் போனால் கத்தரிக்கோலால் வெட்டியது போல முரடாகிவிடும். இதற்குத்தான் 'கலர் டு ஆல்ஃபா' இருக்கிறது.

முதலில் படத்தை நன்றாக எடுக்க வேண்டும். கோடு போடாத வெள்ளைத் தாளில், கறுப்பு அல்லது அடர்நீல ஜெல் பேனாவால், வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் எடுங்கள். இல்லையென்றால் சன்னல் ஓரத்தில், வெயில் நேரடியாக விழாத இடத்தில் தாளை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், உங்கள் நிழல் தாளின் மேல் விழாமல் கைபேசியில் எடுங்கள். நிழல் விழுந்த மூலையைப் பிறகு சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்படி எடுத்தாலும் தாள் வெள்ளையாக வராது. சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு நிறத்தில்தான் வரும். 'கலர்ஸ்' பட்டியலில் 'லெவல்ஸ்' திறந்து, மேலே உள்ள மலைமுகடு போன்ற வரைபடத்தைப் பாருங்கள். வலப்பக்கத்து உயரமான முகடு தாள். இடப்பக்கத்துச் சின்ன மேடு மை. வலக்கோடியில் உள்ள வெள்ளை முக்கோணத்தைத் தாள் முகட்டின் இடப்பக்கச் சரிவுவரை இழுங்கள். தாள் வெளுக்கும். கறுப்பு முக்கோணத்தை மை மேட்டின் தொடக்கம்வரை நகர்த்துங்கள். மை அடர்த்தியாகும். வெள்ளையை மிகவும் இழுத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். அங்கே கொஞ்சம் பின்வாங்க வேண்டும்.

இப்போது 'கலர்ஸ்' பட்டியலில் 'கலர் டு ஆல்ஃபா'. நீக்க வேண்டிய நிறம் வெள்ளை என்று அதுவே வைத்திருக்கும். இதற்கு எதையும் தெரிவு செய்ய வேண்டாம். ஆல்ஃபாவையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். பாலிலிருந்து நீரைப் பிரிக்கும் அன்னத்தைப் பற்றிச் சொல்வார்களே, அந்த வேலையை இது ஒவ்வொரு பிக்சலிலும் செய்கிறது. 204 என்ற சாம்பலை எடுத்து, அதில் உள்ள நான்கு பங்கு வெள்ளையை நீக்கி, மீதியை 20 சதவீதம் மட்டும் தெரியும் கறுப்பாக வைக்கிறது. 128 ஏறத்தாழ பாதி தெரியும் கறுப்பாகிறது. அந்தக் கையெழுத்தை மஞ்சளின் மேல் வைத்தால் ஓரம் மஞ்சளில் கரைகிறது, நீலத்தின் மேல் வைத்தால் நீலத்தில் கரைகிறது. வெள்ளை ஓரம் என்ற பேச்சே இல்லை.

அந்தப் பெட்டியில் உள்ள இரண்டு எண்களைக் கவனியுங்கள். 'டிரான்ஸ்பரன்சி த்ரெஷோல்ட்' என்பதை 0.05 அல்லது 0.1 அளவுக்கு உயர்த்தினால், வெள்ளைக்கு மிக நெருங்கிய நிறங்கள் முழுதாக மறையும். தாளின் நார்த்தடமும் தூசும் அதில் போய்விடும். 'ஒபாசிட்டி த்ரெஷோல்ட்' மையைக் காக்கிறது. நீல மை என்பது முழுக் கறுப்பல்ல, அதிலும் கொஞ்சம் வெள்ளை கலந்திருப்பதாகவே கணக்கு வரும். அதனால் கையெழுத்து மங்கி, பின்னாலுள்ள பூவேலை அதன் ஊடே தெரியும். இந்த எண்ணை 1-லிருந்து 0.8 அளவுக்கு மெல்லக் குறைத்தால் மை மறுபடி திடமாகும். எவ்வளவு குறைப்பது என்பது மையைப் பொறுத்தது. திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

இப்படிப் பிரித்தெடுத்த கையெழுத்தை யார் வேண்டுமானாலும் எந்தத் தாளிலும் ஒட்டிவிடலாம். உரியவரின் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். குழுக்களில் பகிராதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் கணினியிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை அவருக்குச் சொல்லுங்கள். இதை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

இரண்டையும் சேர்க்கும் முறை

கலர் டு ஆல்ஃபா அருமையான கருவி. ஆனால் பல வண்ணச் சின்னத்தில் அப்படியே போட்டால் கெடுத்துவிடும். இளஞ்சிவப்புத் தாமரை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் எண்கள் 255, 128, 128. மென்பொருளின் பார்வையில் அது பாதி சிவப்பும் பாதி வெள்ளையும் கலந்தது. வெள்ளையை உருவிவிட்டு, பாதி ஊடுருவும் அசல் சிவப்பாக மாற்றிவிடும். கறுப்பின் மேல் வைத்தால் தாமரை காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் தெரியும். வான்நீலம், இளம்பச்சை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 255, 255, 0 என்ற அசல் மஞ்சளுக்கு மட்டும் எதுவும் ஆகாது, அதில் நீக்குவதற்கு வெள்ளை இல்லை.

இதற்கு வழி, அந்தக் கருவியை ஓரத்தில் மட்டும் வேலை செய்ய விடுவது. ஃபஸி செலக்ட் கொண்டு வெளி வெள்ளையையும் சுழிகளையும் தெரிவு செய்யுங்கள். டெலீட் அழுத்த வேண்டாம். 'செலக்ட்' பட்டியலில் 'க்ரோ' என்பதைச் சொடுக்கி 1 அல்லது 2 பிக்சல் கொடுங்கள். தெரிவின் எல்லை எழுத்தின் சாம்பல் ஓரத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும். இப்போது கலர் டு ஆல்ஃபாவை இயக்குங்கள். தெரிவுக்குள் இருக்கும் தூய வெள்ளை முழுதாக மறையும், ஓரத்துப் பிக்சல்களிலிருந்து வெள்ளை மட்டும் பிரியும், உள்ளே இருக்கும் தாமரையின் மேல் கைபடாது. ஓரமே வெளிர்நிறமாக இருந்தால் 1 பிக்சலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னங்களுக்கு நான் இந்த ஒரு முறையைத்தான் பயன்படுத்துகிறேன். முதலில் சொன்ன டெலீட் முறையைவிட இரண்டே சொடுக்குகள் அதிகம்.

மூலப்படம் சிறியதாக இருந்தால் எந்த முறையிலும் ஓரம் திருத்தமாக வராது. எவ்வளவு பெரிய படம் கிடைக்கிறதோ அதில் வேலையை முடித்துவிட்டு, பிறகு 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' மூலம் சிறிதாக்குங்கள்.

பின்னால் இருட்டை வைத்துப் பார்ப்பது

சதுரங்கக் கட்டத்தின் மேல் எல்லாமே சுத்தமாகத் தோன்றும். 'லேயர்' பட்டியலில் 'நியூ லேயர்' எடுத்துப் புதிய அடுக்கு ஒன்றை உருவாக்கி, அடர்நீலம் பூசி, அடுக்குகளின் வரிசையில் அதைச் சின்னத்துக்குக் கீழே இழுத்து வையுங்கள். விட்டுப்போன சுழி, மூலையில் கிடக்கும் தூசு, ஓரத்து வெள்ளை எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். பிறகு அதையே அரக்குச் சிவப்பாக மாற்றி இன்னொரு முறை பாருங்கள். மீதமிருக்கும் புள்ளிகளை 'இரேசர்' கொண்டு துடைக்கலாம். பார்த்து முடித்ததும் அந்த அடுக்கின் அருகே உள்ள கண் படத்தைச் சொடுக்கி மறைத்துவிட வேண்டும். மறந்தால் நீலப் பின்னணியோடுதான் கோப்பு வெளியே போகும்.

சேமிப்பதும் அனுப்புவதும்

'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' எடுத்து, கோப்பின் பெயரின் முடிவில் பிஎன்ஜி என்று கொடுங்கள். ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்தால் நீக்கிய இடமெல்லாம் மறுபடி நிறம் பூசப்பட்டு, பட்ட பாடு வீணாகும். ஜிஃப் வகையும் வேண்டாம். அதில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடுவில் எதுவும் கிடையாது. நாம் பாடுபட்டுக் காத்த ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். 1996-இல் பிஎன்ஜி வகையை வகுத்தவர்கள் ஆல்ஃபாவுக்கு 256 படிகளுக்கும் அதற்கு மேலும் இடம் வைத்ததால்தான் கையெழுத்தின் மெல்லிய இழுப்பு இன்று நமக்குத் தங்குகிறது.

வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். அச்சகத்துக்குப் போய்ச் சேரும்போது வெள்ளைப் பெட்டி திரும்பி வந்திருக்கும். ஆவணமாக, அதாவது 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அல்லது மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள்.

இணையத்தில் தேடி எடுக்கும் படங்களில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. பின்னணி இல்லாதது என்று சொல்லித் தரும் சில படங்களில் அந்தச் சதுரங்கக் கட்டமே படத்தோடு பதிந்திருக்கும். கிம்ப்பில் திறந்து, கீழே ஒரு நீல அடுக்கை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். கட்டம் மறையாமல் நின்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். கட்டத்தை அழிக்க உட்கார்ந்தால் வெள்ளையோடு சாம்பலையும் சேர்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அச்சகத்தில் கோப்பைக் கொடுத்ததும் முதலில் ஒரே ஒரு பிரதியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை வெளியே கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் கையெழுத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மீதி ஐம்பத்தொன்பதை அச்சிடச் சொல்லலாம்.